என் பெயர் இல்லாத பதிப்பு

அவனோடு நான் பேசுவதில்லை. அவனும் என்னோடு பேசுவதில்லை. நாவலூர் அலுவலகத்தில் ஒரே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. அவன் அச்செடுத்த காகிதம் காற்றில் பறந்து என் காலடியில் விழுந்தாலும் எடுத்துக் கொடுக்க மாட்டேன். அவனாக எழுந்து வருவான், குனிவான், எடுத்துக்கொண்டு போவான். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் எங்களுக்குள் ஏதோ காதல் முறிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் ஆத்திரம் வரும். காதலெல்லாம் ஒன்றும் இல்லை. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். அதிலிருந்து வந்ததுதான் இவ்வளவும்.

எங்கள் அலுவலகத்துக்கு வேலை, வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டுவது. ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் நண்டின் கொடுக்கைப் பற்றிக் கட்டுரை எழுதி அனுப்புவார். தலைப்பு எது, அடிக்குறிப்பு எது, துணைநூல் எது என்று ஒவ்வொன்றுக்கும் நாங்கள் குறியிட்டு, அச்சுக்கு ஒரு வடிவம், இணையத்துக்கு ஒரு வடிவம், காப்பகத்துக்கு ஒரு வடிவம் என்று செய்து கொடுப்போம். ஒரு காற்புள்ளி இடம் மாறினால்கூட மேலே இருப்பவர்கள் கூப்பிட்டுத் திட்டுவார்கள்.

என் தங்கை தமிழில் ஆய்வு செய்கிறாள். அவளுடைய முதல் கட்டுரை வெளிவந்தபோது இதழை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். திறந்து பார்த்தேன். ‘கொ’ வரவேண்டிய இடத்திலெல்லாம் கொம்பு தனியே, ககரம் தனியே, கால் தனியே கிடந்தன. அடிக்குறிப்புகள் ஒன்றோடு ஒன்று கலந்துபோய், எந்தக் குறிப்பு எந்த வரிக்கு என்று எழுதியவளுக்கே தெரியவில்லை. “அவங்ககிட்ட நல்ல ஆள் இல்ல போலக்கா” என்று சொல்லி இதழை மூடி வைத்தாள். பகல் முழுக்க யாருடைய நண்டுக்கோ அவ்வளவு மரியாதை செய்துகொண்டிருந்த எனக்கு, அதைப் பார்த்ததும் வந்த கோபம் சாதாரணமானது இல்லை. அந்தக் கோபத்தில்தான் மென்பொருளை ஆரம்பித்தேன். ஆய்வாளர் சாதாரணமாகத் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும். மூன்று வடிவங்களையும் அதுவே செய்து கொடுக்க வேண்டும், தமிழ் எழுத்து உடையாமல். இதுதான் திட்டம்.

ஒரு மதிய இடைவேளையில் என் சொந்த மடிக்கணினியில் அதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சாப்பாட்டு டப்பாவோடு பின்னால் வந்து நின்றான்.

“இன்னா இது? பக்கம் நீயே பிரிக்கிறியா?”

“ஆமா.”

“அடிக்குறிப்பப் பாரு. அந்தாண்ட பக்கத்துக்கு ஓடிப் போயிகீது.”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினே இன்னாத்துக்கு வுட்டு வச்சிகீற? தள்ளு.”

தள்ளி உட்கார்ந்தேன். அப்படித்தான் அவன் உள்ளே வந்தான். முட்டுக்காட்டுக்காரன். அவனுடைய அண்ணன் உப்பங்கழியில் இறால் பிடிக்கிறவர். அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பக்கத்தை எங்கே உடைப்பது, எழுத்தும் எழுத்தும் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு உள்ளங்கை போல. கட்டுரையின் உள் அமைப்பு, மேற்கோள், துணைநூல் பட்டியல் எல்லாம் என் பங்கு. சனிக்கிழமைகளில் நான் பஸ் பிடித்து முட்டுக்காட்டுக்குப் போவேன். அவன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம். அவன் அம்மா மீன் குழம்பு ஊற்றிச் சோறு போடுவார். அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு இப்போது இனிப்பாக ஒன்றும் வருவதில்லை. குழம்பு நன்றாக இருந்தது, அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

முதல் பதிப்பை, இணையத்தில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் பொதுத்தளத்தில் வைத்தபோது உரிமத்தைத் தேர்ந்தெடுத்தது அவன்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால் எழுதியவர்களின் பெயரை எடுக்கக் கூடாது. மாற்றி வெளியே கொடுத்தால் அதன் நிரலைப் பூட்டி வைக்கக் கூடாது. “இத்த போட்டாதான் நம்ம உழைப்ப எவனும் தூக்கிகினு போவ முடியாது” என்று என்னிடம் விளக்கினான். என் பெயர் முதலில், அவன் பெயர் இரண்டாவதாக இருந்தது. நான் ஆரம்பித்தது என்பதால் அவனே அப்படிப் போட்டான்.

சில மாதங்களில் செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. தமிழ்த் துறையின் தலைவர் ஓர் ஆய்விதழ் நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் மென்பொருளைப் பற்றிக் கேள்விப்பட்டு வரச் சொன்னார். இருவரும் போனோம். அந்தப் பேராசிரியரை நான் எவ்வளவு வெறுத்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை தெரிந்தவர். பழைய நூலைப் பதிப்பிக்கும்போது, சுவடிக்குச் சுவடி மாறும் பாடங்களுக்கு ஒரு குறிப்பு அடுக்கு, உரைக்கு இன்னொரு குறிப்பு அடுக்கு, இரண்டும் ஒரே பக்கத்தின் அடியில் தனித்தனியே வர வேண்டும் என்றார். எங்களுக்கு அது தோன்றியதே இல்லை. நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவர் என்னைப் பார்த்து உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

“எந்த ஊரும்மா?”

“கருங்குழி பக்கம் சார்.”

“கருங்குழியா? எங்க சித்தப்பா அங்கதான் இருந்தாரு. யார் வீடு?”

“உங்களுக்குத் தெரியாது சார்.”

“சொல்லும்மா. அங்க எனக்குத் தெரியாத வீடா?”

“காலனி சார்.”

“ஓ” என்றார். “நல்லது, நல்லது. படிக்கணும்.”

அதற்குப் பிறகு அவர் பேசியதெல்லாம் அவனைப் பார்த்துத்தான். நான் கேட்ட கேள்விகளுக்கும் அவனைப் பார்த்தே பதில் சொன்னார். வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவனிடம் சொன்னேன். அவன் சலித்துக்கொண்டான்.

“அவுரு சும்மா ஊரு கேட்டாரு. ஒனக்கு எத்தப் பாத்தாலும் அதே நெனப்பு.”

“உன்ன எந்த ஊருன்னு கேட்டாரா?”

“வுடுவியா. பேஜாரு புடிச்சவளே.”

அவனுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தது வேண்டாமென்று தள்ளி வைத்தான். எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு அடுக்குக் குறிப்பை எழுதி முடிக்க வெகுநாள் பிடித்தது. ஒரு பக்கத்தில் சரியானால் அடுத்த பக்கத்தில் முட்டிக்கொள்ளும். கடைசியில் அதை அவிழ்த்தது நான். அவன் அதைப் பக்கத்தில் அழகாக உட்கார வைத்தான். அந்தப் பதிப்பை அவன்தான் கல்லூரிக்கு எடுத்துப் போனான். பிறகு வாராவாரம் போனான். சனிக்கிழமை வேலை நின்றது. கேட்டால், “சாரு வரச் சொன்னாரு” என்பான்.

ஒருநாள் தங்கை தன் கைப்பேசியை நீட்டினாள். அவர்களுடைய ஆய்வாளர் குழுவில் ஓர் அழைப்பிதழ் வந்திருந்தது. மாமல்லபுரத்தில் கருத்தரங்கு. அதில் ‘எமது துறை உருவாக்கிய தமிழ் ஆய்வுப் பதிப்பு மென்பொருள் வெளியீடு’. மென்பொருளுக்குப் புதிதாக ஒரு பெயர். உருவாக்கம் என்ற இடத்தில் பேராசிரியர். தொழில்நுட்ப உதவி என்ற இடத்தில் அவன். அடியில், உரிமை கல்லூரிக்கே என்று போட்டிருந்தது.

மறுநாள் பிரிண்டர் பக்கத்தில் நிறுத்திக் கேட்டேன்.

“இது என்ன?”

“இன்விடேஷன்.”

“என் பேர் எங்க?”

“அது அவுங்க அடிச்சது. நா இன்னா பண்ணட்டும்?”

“சாஃப்ட்வேர்ல இருக்கா?”

அவன் காகிதத்தட்டை வெளியே இழுத்தான், உள்ளே தள்ளினான்.

“எடுத்தது யாரு?”

“அவுரு எடுக்கச் சொன்னாரு.”

“எடுத்தது யாருன்னு கேட்டேன்.”

“நாந்தான். இன்னாங்கிற இப்போ?” குரல் ஏறியது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “எனுக்கு அவுராண்ட கணினித் தமிழ்ல பி.எச்டி. பதியணும். அவுரு சேத்துக்கறேன்னு சொல்லிகீறாரு. ஒங்க வூட்ல நீயும் படிச்ச, தங்கச்சியும் படிக்குது. எங்க வூட்ல நா ஒருத்தன்தான்.”

“அதுக்கு என் பேர அழிப்பியா?”

“பேரு போனா இன்னா, கையா பூட்ச்சி? வேற ஒண்ணு எழுதிக்க.”

அன்றோடு சரி. அவனை நீ என்று சொன்னது அதுதான் கடைசி என்று நினைத்தேன். இல்லை, இன்னொரு முறை சொன்னேன்.

கருத்தரங்குக்குப் போகாதே என்று தங்கை கெஞ்சினாள். அவளுடைய நெறியாளருக்கு அந்தப் பேராசிரியர் வேண்டியவர். நாளைக்கு அவளுடைய ஆய்வேட்டையே மதிப்பீட்டுக்கு அவர் கைக்கு அனுப்பலாம். “என் வாழ்க்கைல மண்ணப் போட்டுடாதக்கா” என்றாள். நான் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் இறங்கினேன். கடலைப் பார்த்த விடுதி. குளிரூட்டிய மண்டபம். பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் மடிக்கணினிக்குப் பின்னால் அவன். புதுச் சட்டை. பேராசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்து, இரண்டு அடுக்குக் குறிப்பு எப்படி வருகிறது பாருங்கள் என்று திரையைக் காட்டினார். நான் எழுதியது திரையில் ஓடியது. மண்டபம் கைதட்டியது.

எழுந்து நின்றேன். என்ன பேச வேண்டுமென்று பஸ்ஸில் வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. “சார், இத எழுதினது நான்” என்று மட்டும் வந்தது, அதுவும் கீச்சுக் குரலில்.

பேராசிரியர் கோபப்படவே இல்லை. சிரித்தார். “இந்தப் பொண்ணு ஆரம்பத்துல நமக்குக் கொஞ்சம் தட்டச்சு செஞ்சு குடுத்துச்சு. ஆர்வமான பொண்ணு. இவ்வளவு தூரம் வந்திருக்கு, ஒரு கைதட்டல் குடுங்க.”

கைதட்டினார்கள். எனக்காக. அந்தச் சத்தத்தில் என் அடுத்த வாக்கியம் எனக்கே கேட்கவில்லை. நான் மேடையைப் பார்த்துக் கத்தினேன். “தலையத் தூக்கு. நீ சொல்லு. யார் எழுதினதுன்னு சொல்லு.”

அவன் தலையைத் தூக்கினான். என்னைப் பார்க்கவில்லை, பேராசிரியரைப் பார்த்தான். “சார் சொல்றதுதாங்க” என்றான்.

நான் சொன்ன கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. மாணவர்கள் இருவர் வந்து, “அக்கா, வாங்கக்கா, வெளிய டீ இருக்கு” என்று என்னைக் கூட்டிப்போனார்கள். டீ குடிக்கவில்லை. கடற்காற்றில் சுடிதார் துப்பட்டா முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே மறுபடியும் கைதட்டினார்கள்.

தங்கை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் நடந்ததைச் சொன்னபோது அப்பாவும் என் பக்கம் நிற்கவில்லை. வயல் வேலையை விட்டுவிட்டு ஓ.எம்.ஆரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருக்கிறவர் அவர். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“ஊருக்கே எடுத்துக்கோன்னுதான வச்ச? எடுத்துகினாங்க. அப்பறம் இன்னாத்துக்கு அழுதுகினு கீற?”

“எடுத்துக்கலாம்பா. என் பேரத் தூக்கக் கூடாது.”

“நாங்க நட்ட நெலத்துல எந்த வரப்புல எங்க பேரு இருந்துச்சி?”

“அதுக்கு நானும் அப்படியே இருக்கணுமா?”

“நா அப்டி சொல்லல” என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “போயி சோறு துன்னு.”

வழக்குப் போடலாம் என்று இணையத்தில் சிலர் சொன்னார்கள். கூட வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கல்லூரிக்கு எழுதினேன், பதில் இல்லை. அவர்கள் தங்கள் பதிப்பைப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். என்னுடையது பொதுத்தளத்தில் இருந்தபடியே இருந்தது. அதில் அவன் பெயரும் இருந்தது. அதை எடுத்துவிடலாமென்று பலமுறை விரல் போனது. எடுக்கவில்லை. நல்ல மனதால் அல்ல. நான் எடுத்துவிட்டால் அவனைத் திட்டும் யோக்கியதை எனக்குப் போய்விடும். அந்த யோக்கியதை எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு நான் எழுதியதெல்லாம் வன்மத்தில் எழுதியது. நூலின் கடைசியில் வரும் சொல்லடைவை கணினி தானாக அடுக்கும் வரிசையின் குழப்பம் இல்லாமல் அகராதி வரிசையில் அடுக்க வைத்தேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகளை அப்படியே உள்ளே இழுத்து இன்றைய யூனிகோடுக்கு மாற்ற வைத்தேன். இரண்டாம் பதிப்பு வெளியானது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவி அதில் தன் ஆய்வேட்டைச் செய்து, உடைந்த இடங்களையெல்லாம் வரிசையாகப் பட்டியலிட்டுத் திட்டி எழுதினாள். அவள் திட்டியதில் பாதி நியாயம். அதையும் சரிசெய்தேன். தங்கையின் துறையிலேயே சிலர் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அவள் ஒரு நாள், என் முகத்தைப் பார்க்காமல், “துணைநூல் பட்டியல்ல ஒரே ஆசிரியர் ரெண்டு தடவ வந்தா என்னக்கா செய்யணும்?” என்று கேட்டாள். சொன்னேன். அப்படித்தான் பேச்சு மறுபடி தொடங்கியது.

கல்லூரிப் பதிப்பு அடுத்த ஆண்டே படுத்துவிட்டது. கணினிகளை அவர்கள் புதுப்பித்தபோது அது திறக்க மறுத்தது. அதைத் திறக்க வைக்க அவனும் போகவில்லை. பேராசிரியர் அந்த பி.எச்டி. இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாராம்; அவனை அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். சாப்பாட்டு அறையில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எனக்கு வருத்தம் வரவில்லை. அன்று வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டு, கீழே போய் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம்தான் அந்த நிரல் வந்தது. பக்கம் தாண்டி நீளும் அட்டவணைகள் எனக்கு அடங்கவே இல்லை. அடுத்த பக்கத்தில் தலைப்பு வரி மறுபடி வர வேண்டும், வராது. வந்தால் கடைசி வரியைத் தின்றுவிடும். பொதுத்தளத்தில் அந்தக் குறையை நானே எழுதி வைத்திருந்தேன். ஒரு காலையில், அலுவலகம் வந்து உட்கார்ந்ததும், அதற்குத் தீர்வு என்று ஒரு நிரல் வந்து கிடந்தது. அனுப்பியவன் அவன். ‘அட்டவணைக் கோளாறு. சோதித்தாயிற்று.’ அவ்வளவுதான் குறிப்பு. மன்னிப்பு இல்லை, வணக்கம்கூட இல்லை. பிரிண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

நிராகரிக்க வேண்டும் என்றுதான் படித்தேன். வரி வரியாகக் குற்றம் தேடினேன். நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. கடைசியில் மூன்று பக்கம் நீளும் அட்டவணையில் ஓட்டியபோது ஓர் இடத்தில் இடறியது. பொதுவில், எல்லோரும் பார்க்க எழுதினேன்: ‘தாங்கள் சோதித்ததாகக் கூறுவது எதை என்று அறிய விரும்புகிறேன்.’

அவன் பதில் எழுதினான்: ‘தங்கள் மாதிரிக் கோப்பே தவறு. முதலில் அதைக் கவனிக்கவும்.’

நேரில் ‘இன்னா’ என்றும் ‘போ’ என்றும் பேசிய இரண்டு பேர் தாங்கள், தங்கள் என்று எழுதிக்கொண்டோம். அந்த மரியாதை முழுக்க நஞ்சு. யாழ்ப்பாணத்து மாணவி இடையில் வந்து, ‘நீங்கள் இருவரும் கொஞ்சம் பண்பாகக் கதைக்கலாமே’ என்று எழுதினாள். நாங்கள் ஒருவருக்கொருவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. வாரக்கணக்கில் போனது. அவன் மாற்றுவான், நான் உடைப்பேன், அவன் மறுபடி மாற்றுவான். ஒரு கட்டத்தில் எவ்வளவு முயன்றும் என்னால் உடைக்க முடியவில்லை. பதிப்பில் சேர்த்தேன். அந்தப் பகுதிக்கு மேலே எழுதியவர் என்று அவன் பெயரைப் போட்டேன், ஓர் எழுத்து குறையாமல். நன்றி என்று எழுதும் வழக்கமான இடத்தை வெறுமையாக விட்டேன்.

அந்தப் பதிப்பு வந்த பிறகு பேராசிரியர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். எண் எப்படிக் கிடைத்ததோ.

“அம்மா, நல்லா இருக்கியா? புதுசா ஒரு வெர்ஷன் வந்திருக்காமே. நம்ம துறைக்கு ஒண்ணு போட்டுக் குடேன். பழசு மக்கர் பண்ணுது.”

“நம்ம துறை இல்ல சார். உங்க துறை.”

“சரிம்மா, எங்க துறை.”

“பொதுவுலதான் சார் இருக்கு. இறக்கிக்கோங்க. யாரையும் கேக்க வேணாம். முகப்புல பேரு இருக்கும். என்னுது இருக்கும், அவனுது இருக்கும். தூக்கினீங்கன்னா இந்தத் தடவ நான் தனியா வர மாட்டேன்.”

“ஏம்மா இப்படிப் பேசற? நான் உன்ன மேடையில பாராட்டினவன்.”

“தட்டச்சு செஞ்சு குடுத்த பொண்ணுன்னு பாராட்டினீங்க சார்.”

வைத்துவிட்டார். பதிலைச் சரியாகச் சொன்னேனா என்று அன்று முழுக்க மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அவர் இறக்கிக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. யார் எடுத்தார்கள் என்று எங்கள் மென்பொருள் வேவு பார்த்துச் சொல்லாது. அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

போன வாரம் அவன் ஒரு புதிய குறையைப் பதிவு செய்திருந்தான். சொல்லடைவில் ஆய்த எழுத்து வரும் சொற்கள் தவறான இடத்தில் நிற்கின்றன என்று. ‘தவறு தங்கள் புரிதலில்’ என்று உடனே பதில் போட்டேன். மதியத்துக்குள் பார்த்துவிட்டேன், அவன் சொன்னதுதான் சரி. என்னுடைய அந்தப் பதிலை அழிக்கவில்லை. அஃது, எஃகு என்று எல்லாவற்றையும் மாதிரிக் கோப்பில் போட்டு, வரிசையைத் திருத்தி, ‘சரிசெய்யப்பட்டது’ என்று ஒரே சொல்லில் குறையை மூடினேன். பிரிண்டருக்கு அந்தப் பக்கம் அவன் கணினி ஒருமுறை ஒலித்தது. அவன் படித்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நானும்தான்.